கிடார் இருந்த பக்கம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் காது பாட்டுக் கேட்டுக் கெட்டுப்போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சாத்துக்குடியை வைத்துவிட்டு, கூடவே ஒரு புத்திமதியையும் வைத்துவிட்டுப் போனார்கள். "எந்நேரமும் காதுல ஒயர மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா இப்புடித்தான்" என்றான் மச்சினன். ஆபீஸில் ஃபோர்மேன் அதையே சொன்னார். எதிர்க் கட்டிலில் மூக்கு ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவர் என்னை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார், அவரும் சொன்னார். என் மனைவி தமிழரசி சொன்னதை எல்லாம் எழுதினால் காகிதம் போதாது.

என் பெயர் மாரிமுத்து. மின்வாரியத்தில் வயர்மேன். வயது ஐம்பத்தாறு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர்.

பாட்டு என்றால் நீங்கள் நினைக்கிற பாட்டு இல்லை. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன். தோள்வரை முடி, கையில் கிடார், தொண்டை கிழியக் கத்துவான். ராக் என்று சொல்வார்கள். அவன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இவனுக்கா முப்பத்தொன்பது வருஷம்?" என்பீர்கள். அந்தப் பேச்சை வீட்டில் கேட்பதே போதும். எனக்கும் என் கூட்டாளி சேகருக்கும் அவன் 'நம்மாளு'. சேகரும் நானும் சேர்ந்தது அவனால்தான். நாங்கள் சேர்வதற்கு வேறு எந்த வழியும் எங்கள் ஊரில் இல்லை. சேகர் ஆண்டை வீட்டுப் பையன். நான் அந்த ஆண்டை வயலில் அறுத்தவர் மகன்.

நோய் எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். தெளித்த உளுந்து முளைத்திருந்த சமயம். ஒரு கிராமத்தில் கம்பத்தின் மேல் நின்று கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கம்பம் சுற்றியது. வயல் ஒரு பக்கம் எழும்பி வந்தது. இடுப்பில் பெல்ட் இருந்ததால் விழவில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கீழே நின்ற ஒரு பெரிய மனுஷன் கேட்டார்: "என்ன வயர்மேன், காலையிலயேவா?" குடிக்காதவனைக் குடிகாரன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? இறங்கி வந்து அவர் வாயிலேயே ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது. இறங்கத்தான் முடியவில்லை. ஹெல்ப்பர் ஏறி வந்து என்னை இறக்கினான்.

பிறகு ஒரு மாதம் சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒருத்தரும் காதைப் பார்க்கவில்லை. பதினேழு வயதிலிருந்து என் இடது காதில் சீழ் வடிகிறது. வடிந்தால் பஞ்சு வைப்பேன். மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்டால், கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே எடுத்துக் கொடுப்பார். பத்து நாள் நிற்கும், மறுபடியும் வடியும். கல்யாணம் ஆன புதிதில் தமிழரசி இதைப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் பஞ்சை விளக்குத் திரிபோல உருட்டி ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். இருபத்தெட்டு வருஷமாக உருட்டுகிறாள். திட்டிக்கொண்டேதான் உருட்டுவாள்.

சேகர் திருச்சியில் பாங்கில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். தலைசுற்றல் விஷயத்தைப் போனில் சொன்னதும், "கெளம்பிவா, தஞ்சாவூர்ல காது டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றான். அவனே காரோடு வந்து நின்றான்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். குழாய் விட்டுக் காதுக்குள் பார்த்தார். அது டி.வி. பெட்டியில் பெரிதாகத் தெரிந்தது. என் காதுக்குள் வெள்ளையாக, பழைய சுண்ணாம்பு உரிந்ததுபோல என்னமோ இருந்தது. டாக்டரம்மா பஞ்சால் காதுத் துவாரத்தை அழுத்தினார். அறை சுற்றியது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்குப் பேர் கொலஸ்டியடோமா" என்றார்.

"கொழுப்பா டாக்டர்?"

"கொழுப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. காது ஜவ்வுல ஓட்டை இருக்கு. வெளியில இருக்க வேண்டிய தோல், அந்த ஓட்டை வழியா உள்ள போயி, உரிஞ்சு உரிஞ்சு சேந்து வளருது. புத்து நோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா பக்கத்துல இருக்கிற எலும்ப அரிச்சிட்டே போகும். உள்ள மூணு குட்டி எலும்பு உண்டு, சத்தத்தக் கடத்துறதுக்கு. அது போயிருச்சு. நாம விழாம நிக்கிறதுக்கு ஒரு குழாய் உண்டு, அதையும் தொட்டிருச்சு. அதான் தலை சுத்துது. இப்புடியே விட்டா முக நரம்பு, அப்புறம் மூளை."

"பாட்டுக் கேட்டதால வந்ததா டாக்டர்?" என்று தமிழரசி கேட்டாள். அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"சத்தமாக் கேட்டா நரம்பு கெடும். எலும்ப அரிக்காது. இது வேற."

நான் தமிழரசியைப் பார்த்தேன். அவள் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"ஓட்டை எப்ப விழுந்துச்சு? சின்ன வயசுல அடி எதுவும் பட்டுச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

சேகர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் மூச்சை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. நல்ல காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ஆத்துல குதிச்சப்போ அடிபட்டுச்சு டாக்டர்" என்றேன். எல்லோரிடமும் சொல்வது அதுதான்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். சேகர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குள் அப்போது ஒரு தீ மூண்டது. கட்டியை விட அதுதான் என்னை அரித்தது. இந்த ஆள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து சொல்வானா மாட்டானா? எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். அந்த வருஷம் அறுவடைக் கூலியாகக் கலத்துக்குக் கூடுதலாக அரை மரக்கால் நெல் கேட்டு எங்கள் தெரு முழுக்க வேலையை நிறுத்தியிருந்தது. சங்கத்துக்கு எங்கப்பாதான் ஊரில் தலைவர். ஆண்டைமார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார்கள். ரோட்டில் போலீஸ் வேன் நின்றது. தலைநகரில் ஏழைகளின் ஆட்சி என்று மேடைக்கு மேடை பேசினார்கள். எங்கள் ஊருக்கு அந்த ஆட்சி போலீஸ் வேனில்தான் வந்தது.

அதே சமயத்தில் சேகரின் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு வாக்மேன் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு காசெட். சினிமாப் பாட்டு என்று நினைத்துக் கடையில் ஏமாந்து வாங்கியது. அதில் இருந்தவன்தான் நம்மாளு. ஏதோ ஓர் ஊரில் மேடையில் பாடியதைப் பதிவு செய்தது. அதைச் சேகர் அவர்கள் வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. "வந்து கேளுடா, ஒருத்தன் பைத்தியம் மாதிரி கத்துறான்" என்றான். வேலைநிறுத்த நேரத்தில் ஆண்டை வயலில் கால் வைத்தேன் என்று எங்கப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்திருப்பார். தெரிந்தும் போனேன்.

தலைக்கு மாட்டும் கம்பியை விரித்து, ஒரு பக்கத்துப் பஞ்சை அவன் காதிலும் மறுபக்கத்துப் பஞ்சை என் காதிலும் வைத்துக்கொண்டு கேட்டோம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவன் யார் மேலேயோ பயங்கரக் கோபத்தில் இருக்கிறான் என்பது புரிந்தது. அந்த வருஷம் எனக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று நாள் அப்படிக் கேட்டோம். நான்காம் நாள் சேகர், "நீ மட்டும் முழுசாக் கேளுடா" என்று இரண்டு பக்கத்தையும் என் காதில் மாட்டிவிட்டு, இளநீர் வெட்ட வெளியே போனான்.

இரண்டாவது பாட்டில் ஓர் இடம் உண்டு. அவன் பாடுவதை நிறுத்திவிடுவான். கிடாரை மட்டும் இழுத்துக்கொண்டு போவான். ஏறும், ஏறும், இதற்கு மேல் ஏறாது என்று நினைக்கும்போது இன்னும் ஏறும். அந்த இடத்தில்தான் என் தலையிலிருந்து ஹெட்போனை ஒரு கை பிடுங்கியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் ஆள் வந்தது எனக்குக் கேட்கவில்லை. சேகரின் அப்பா நின்றார்.

"இது ஏதுடா ஒங்கிட்ட?"

சேகர் இளநீரோடு வாசலில் வந்து நின்றான். அவர் திரும்பி அவனைக் கேட்டார். "நீ குடுத்தியா?"

சேகர் சொன்னான்: "இல்லப்பா."

அறை விழுந்தது. இடது காதில், உள்ளங்கை முழுசாக. காதுக்குள் வெடி வெடித்தது, பிறகு குளிர்ந்த காற்று உள்ளே போவதுபோல இருந்தது, பிறகு ரத்தம். திருட்டுக் கேஸ் கொடுப்பேன் என்றார். கேஸ் என்று போனால் போலீஸ் அதைச் சாக்கிட்டு எங்கப்பாவை உள்ளே வைக்கும். ஆகவே எங்கப்பா என்னை இழுத்துக்கொண்டு போய், "புள்ள தெரியாம செஞ்சிட்டான் ஆண்டே" என்று நாலு பேர் முன்னால் கும்பிட்டு நின்றார். மூன்று வாரம் எவனுக்கும் வளையாத மனுஷன். வழியில் என்னிடம் சொன்னார்: "எவன் கேட்டாலும் ஆத்துல குதிச்சப்போ அடிபட்டுச்சுன்னு சொல்லு." அன்று ராத்திரி அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் ஊற்றினாள். ஓட்டை விழுந்த காதில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சீழ் பிடித்தது அப்படித்தான்.

பிறகு ஏன் அவனோடு சேர்ந்தாய் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் பேசவில்லை. ஒரு காணும் பொங்கலன்று ஆற்றங்கரையில் அந்த வாக்மேனோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை நீட்டினான். எனக்கு வேண்டியிருந்தது, வாங்கிக்கொண்டேன். நம்மாளு பிறந்த நாள் எங்களுக்குத் தெரியாது, ஆகவே காணும் பொங்கலை அவனுக்குக் கொடுத்துவிட்டோம். வருஷா வருஷம் அன்றைக்கு அதே காசெட்டை ஆளுக்கு ஒரு காதில் கேட்போம். காசெட் தேய்ந்ததும் கும்பகோணத்தில் ஒரு கடையில் கொடுத்து போனில் ஏற்றிக்கொண்டோம். எனக்கு எப்போதும் வலது பக்கத்து ஒயர். இடது காதில் பஞ்சு இருக்கும். தனியாகக் கேட்டாலும் வலதை மட்டும் மாட்டிக்கொள்வேன். ஸ்பீக்கரில் போட வீட்டில் சட்டம் இல்லை.

வருஷா வருஷம் ஒரே சண்டையும் உண்டு. இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் சேகர், "கிடார் எப்புடி அழுவுது பாருடா" என்பான். எனக்கு அங்கே டிரம்ஸ் மட்டும்தான் கேட்கும். எங்கேயோ தூரத்தில் பூச்சி கத்துவதுபோல ஒன்று. அடி வாங்குவதற்கு முன் கேட்டது காதோடு போய்விட்டது, ஒற்றைக் காதுக்காரனுக்கு இவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அதைச் சொல்ல ரோஷம் விடாது. "கிடார் கெடக்கட்டும், டிரம்ஸக் கேளு, அதான் பாட்டு" என்பேன்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஒரு வாரம் பரிசோதனை. காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் முதலமைச்சர் படம் போட்ட காப்பீட்டு விளம்பரம், டோக்கன் எண் சொல்லும் பெண் குரல். ஒரு காது கேட்காதவர்களும் இரண்டு காதும் கேட்காதவர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எண்ணை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், பலகையில் போடுவதில்லை. இதை எந்த மகராசன் யோசித்தான் என்று தெரியவில்லை. எழுந்து போய்ச் சத்தம் போட்டேன். மறுநாள் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள்.

காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டு, வெளியே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து 'பீப்' விடுவாள். கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதில் எல்லாம் அழுத்தினேன். இடது காதுக்கு வந்ததும் ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. உத்தேசமாக அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்து, "அங்கிள், நான் இப்ப சத்தமே குடுக்கல" என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற சேகர் சிரித்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற யோக்கியதை வேறு எவனுக்கு இருந்தாலும் உனக்கு இருக்கிறதாடா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பெண் மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்போனைக் கழற்றி, இடதை வலதாக மாற்றி மாட்டினாள். இடது பக்கத்துச் சத்தம் வலது காதில் தெளிவாகக் கேட்டது. "மிஷின் ஓகே அங்கிள், உங்க காதுதான்" என்றாள். சொல்லத் தேவையில்லை, தெரியும்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைத் துளைத்துக் கட்டியை மொத்தமாக எடுக்க வேண்டும். கேட்கும் சக்தி திரும்பாது, உயிருக்கு ஆபத்து வராமல் இருக்கத்தான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா மூடி மறைக்காமல் சொன்னார். முக நரம்பு கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, பட்டுவிட்டால் முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளலாம் என்று கையெழுத்து வாங்கினார்.

பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழரசி பார்த்துவிட்டாள். "கோணினா என்ன, இப்ப மட்டும் நேராவா பேசுறீங்க? போடுங்க கையெழுத்த" என்றாள். பிறகு மாடிப்படிக்கு அந்தப் பக்கம் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கழுவிய முகம் எனக்குத் தெரியாதா?

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் சேகரின் அண்ணன் வந்தார். ஊரில் பெரிய ஆள். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டவர். நிலத்தில் ஒரு வரப்பும் மாறவில்லை. கூட நான்கு பேர், கையில் ஆப்பிள். வார்டில் இருந்த நோயாளிகளும் கூட இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். தமிழரசி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

"என்ன மாரிமுத்து, எப்புடி இருக்கே? அப்பவே அப்பா சொல்லுவாரு, இந்தப் பசங்க ரெண்டும் அந்தச் சனியன் புடிச்ச பாட்டக் கேட்டே காதக் கெடுத்துக்கப் போவுதுங்கன்னு. பெரியவங்க வாக்கு, பாத்தியா?" என்றார். கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் அப்பா பெயரில்தான் இப்போது ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டிடம் இருக்கிறது. கொட்டை எழுத்தில், வள்ளல் என்று போட்டு.

நான் சேகரைப் பார்த்தேன். இந்தத் தடவை நேராகவே பார்த்தேன். அவன் என் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்திருந்தான். இப்போது பேசவில்லை என்றால் இந்த ஜன்மத்தில் இவன் முகத்தில் முழிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். முகம் கோணினாலும் சரி, நேராக இருந்தாலும் சரி.

"அண்ணே" என்றான் சேகர். "அது பாட்டால இல்லண்ணே. அப்பா அடிச்சது."

"என்னடா?"

"மோட்டார் கொட்டகையில. அறுப்பு நின்ன வருஷம். வாக்மேன அவன் திருடல, நான்தான் குடுத்தேன். அப்பா கேட்டப்போ இல்லேன்னுட்டேன். அந்த அறையில ஓட்டையான காதுண்ணே இது."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஆஸ்பத்திரியில வச்சிப் பேசுற பேச்சா இது? செத்துப்போன மனுஷனப் பத்தி, நாலு பேரு முன்னாடி" என்றார்.

"நாலு பேரு முன்னாடிதான் அவனத் திருடன்னு சொன்னாரு" என்றான் சேகர்.

அண்ணன் போய்விட்டார். நான்கு பேரும் போனார்கள். ஆப்பிள் இருந்தது. மூக்கு ஆபரேஷன்காரர் என்னை வேறு மாதிரிப் பார்த்தார். புத்திமதி வரவில்லை.

தமிழரசி என் மேல் பாய்ந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. "இருபத்தெட்டு வருஷமாத் திரி உருட்டுறேனே, எங்கிட்டச் சொல்லத் தோணலையா ஒங்களுக்கு? ஆறு ஆறுன்னு அந்த ஆத்தப் போயி எத்தனை தடவ வைதிருக்கேன்!" பிறகு சேகர் பக்கம் திரும்பினாள். "நீங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் மீன் கொழம்பு வச்சேனேண்ணே. சாப்புடுறப்ப ஒரு நாளாவது தொண்டையில சிக்கலியா?"

"சிக்குச்சும்மா" என்றான் சேகர்.

அவன் அதோடு விடவில்லை. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்ததும் போய் நின்று, முதல் நாள் எழுதியது தப்பு, ஆறு இல்லை, அறை என்று திருத்தி எழுதச் சொன்னான். யார் அடித்தது என்பதையும் சொன்னான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அடித்தவர் பெயர் கேஸ் ஷீட்டுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, ஆறு என்று இருந்ததை அடித்து, மேலே ஒரு வரி எழுதினார்.

எனக்கு நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. முப்பத்தொன்பது வருஷம் கழித்துச் சொன்னதற்கு என்ன மாலையா போடுவது? "மன்னிச்சிக்கடா" என்றான் அவன். "இப்ப முடியாது, காலையில மயக்க மருந்து குடுக்கப் போறாங்க, தள்ளிப் போ" என்றேன். போகவில்லை. வராந்தா பெஞ்சிலேயே கிடந்தான்.

ஆபரேஷன் நான்கு மணி நேரம். கண் விழித்ததும் யாரோ, "கண்ண இறுக்கி மூடுங்க, பல்லக் காட்டுங்க" என்றார்கள். காட்டினேன். "முகம் நல்லாருக்கு" என்றார்கள். தலையைச் சுற்றிக் கட்டு, இடது பக்கம் கல்லைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. நாக்கின் ஒரு பக்கம் செம்பைச் சப்பியதுபோல ருசி. ருசி நரம்பும் காது வழியாகத்தான் போகிறதாம். தமிழரசியின் ரசத்தைக் குடித்துவிட்டு, உப்பு இல்லை என்றேன். "இருக்கு, ஒங்க நாக்குதான் இல்ல" என்றாள்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் சேகர் போனையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அதுவரை நான் அவனிடம் சரி, இல்லை, இந்த இரண்டைத் தவிர ஒன்றும் பேசியிருக்கவில்லை. ஒயரின் இடது பக்கத்தை எடுத்து என் வலது காதில் வைக்க வந்தான்.

"அது இடதுடா. எனக்கு வலது."

"அந்தப் பொண்ணு மாத்தி மாட்டுச்சே, பாத்தேல்ல? ரெண்டு நாளா அதேதான் எனக்கு யோசன. பேசாமக் கேளு."

பாட்டைப் போட்டான். ஏதோ வேறு பாட்டுப்போல இருந்தது. நம்மாளு குரல் அதேதான், ஆனால் டிரம்ஸ் எங்கேயோ எட்டப் போயிருந்தது. இரண்டாவது பாட்டு வந்தது. அந்த இடம் வந்தது. அவன் பாடுவதை நிறுத்தினான். டிரம்ஸ் மட்டும் வரும் என்று காத்திருந்தேன்.

கிடார் வந்தது. என் நல்ல காதுக்குள், முழுசாக. மோட்டார் கொட்டகையில் கேட்ட அதே கிடார். ஏறிற்று, ஏறிற்று, அந்தக் கை வந்து பிடுங்கிய இடம் வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒருவரும் பிடுங்கவில்லை. அது அந்த இடத்தைத் தாண்டி மேலே போயிற்று. அதற்கு மேலே அவ்வளவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. கிடார் முழுக்க இடது பக்கத்து ஒயரில்தான் இருந்திருக்கிறது. ஒயரை மாற்றி மாட்டினால் கேட்டிருக்கும். நான் வயர்மேன். ஊருக்கெல்லாம் ஒயர் மாற்றுகிறவன். எனக்குத் தோன்றவில்லை.

"டேய் பாவி" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "வருஷா வருஷம் பக்கத்துல உக்காந்து இதையாடா நீ கேட்டுக்கிட்டு இருந்தே?"

"நீ டிரம்ஸ்தான் பெருசுன்னியேடா. ஒனக்கு இது கேக்கலேன்னு எனக்குத் தெரியாதுடா, சத்தியமா."

"எப்புடித் தெரியும்? முழுசாக் கேக்குறவனுக்கு எப்புடித் தெரியும்?"

அவன் அழுதான். ஐம்பத்தாறு வயசு ஆள், பாங்கு அதிகாரி, அத்தனை பேர் முன்னாடி. எனக்கும் கண்ணிலிருந்து கொட்டியது. தமிழரசி ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒழுங்காத்தான் கோணுது. போதும், தையல் பிரிஞ்சிரப் போவுது" என்றாள்.

நான் சேகர் கையிலிருந்த போனைப் பார்த்தேன். கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் பாட்டு முடியப் போகிறது.

"திரும்பப் போடுடா" என்றேன். "அந்த எடத்துலேருந்து இல்ல. மொதல்லேருந்து."